பகலில் பார்க்க வேண்டிய ஊர்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கடல் எங்கே என்று. ரயிலை விட்டு இறங்கினாலே அது காதில் விழும், மூக்கில் ஏறும். அப்புறமும் கேட்பார்கள். இரண்டாவதாகக் கேட்பது, "நீங்க இந்த ஊருதானே? என்ன பாக்கலாம், சொல்லுங்க."

நான் இந்த ஊர்தான். இங்கே பிறந்து, இங்கே படித்து, படிப்பை இங்கேயே பாதியில் விட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இரவு வேலை பார்க்கிறேன். காலையில் பகல் ஆள் வந்து மேசையை வாங்கிக்கொண்டதும் பின்கட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடுத்த அறை என்னுடையது. அதற்கு ஒரு ஜன்னல் உண்டு. அதில் அட்டை ஒட்டியிருக்கிறேன்.

ஊர் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் வருவார்கள். அறை தயாராகும்வரை என் மேசைக்கு எதிரே பெட்டிமேல் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பேச்சு உண்டு. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்தக் கடையில் ஏமாறக் கூடாது என்று. இணையத்தில் எங்கள் லாட்ஜைப் பற்றி எழுதுகிறவர்கள் குளியலறையைத் திட்டிவிட்டு என்னைப் பாராட்டுவார்கள். 'வெந்நீர் வரவில்லை. ஆனால் மேசையில் இருப்பவர் ஊரைப் பற்றிச் சொல்வதைக் கேட்கவே வரலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "வெந்நீருக்குப் பதிலா உன்னையே பாத்ரூம்ல நிக்க வெச்சிரலாம் போல" என்றார்.

அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட என்னுடையதல்ல.

கடற்கரை ஊரில் பிறந்தவன் கடலைப் பார்ப்பதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, இருக்கிறார் என்று தெரியும், அவ்வளவுதான். எனக்கு என் ஊரைக் காட்டியவள் வெளியூர்க்காரி. கடலே இல்லாத ஊரிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள். வந்த முதல் வருஷமே ஊரை மூலைமுடுக்கெல்லாம் அளந்துவிட்டாள். நான் பொறியியல் கல்லூரியில் இருந்தேன். வார விடுமுறையில் இருவரும் நடப்போம். அவள் முன்னால் போய்க்கொண்டே பேசுவாள். நான் பின்னால் கேட்டுக்கொண்டே போவேன். ஊர்க்காரன் நான்தான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அப்பா பக்கவாதத்தில் படுத்தார். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி இந்த இரவு வேலைக்கு வந்தேன். பகலில் வகுப்பில் தூங்கினேன். பிறகு, தூங்குவதற்கு எதற்குக் கல்லூரிவரை போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவள் படித்து முடித்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். அவளுக்குப் பகல், எனக்கு இரவு. லாட்ஜுக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில், அவள் வேலைக்குப் போகும்போது நான் வேலை முடிந்து நிற்பேன். "இந்தத் தடவை பரிட்சை எழுதிருவல்ல?" என்பாள். "எழுதிருவேன்" என்பேன். கொஞ்ச நாள் கழித்துக் கேட்பதை விட்டாள். அப்புறம் அந்த நிறுத்தத்துக்கு வருவதையும் விட்டாள். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக அவள் தோழி சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடும் அளவுக்கு இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்ததில்லை.

அவள் காட்டிய எல்லா இடத்தையும் விருந்தினர்களுக்குச் சொல்வேன். ஒன்றைத் தவிர.

பழைய துறைமுகத்தின் கோடியில் ஒரு படகுக் கொட்டகை இருக்கிறது. கப்பல்களுக்கு வழிகாட்டும் படகுகளை முன்பு அதில் நிறுத்தினார்களாம். பிற்பாடு கைவிட்டுவிட்டார்கள். உள்ளே பாதி கல்தளம், பாதி கடல். கடலைப் பார்த்த வாசலுக்குக் கதவு கிடையாது. மதியம் சாய்ந்தபின் கொஞ்ச நேரம் வெயில் அந்த வாசல் வழியாக நுழைந்து தண்ணீரில் பட்டு மேலே தெறிக்கும். அப்போது கல்தளத்தில் மல்லாந்து படுத்தால் கூரை முழுக்க அலை ஓடும். வெள்ளை வெளிச்சத்தில் வலை வலையாக ஓடும். "கடலை எல்லாரும் கீழ பாக்கறாங்க. நாம மேல பாக்கறோம்" என்றாள் முதல் நாள். கூரையில் வெளிச்சம் ஓடும்வரை பேசக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எங்கள் இருவருக்கும் நடுவே நடந்தது உண்மைதான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த இடம். அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

பகல் ஆள் மச்சான் கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்திருந்த நாள் அது. இரவு வேலையோடு பகலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் மேலாளர்.

"இன்னைக்கு வெயிலைப் பாக்கப் போற. கண்ணு கூசும், பாத்துக்க" என்றார் தரை துடைக்கும் அக்கா. காலையில் முதலில் வந்து கடைசியில் போகிறவர். எங்கள் லாட்ஜில் அவருக்குப் பயப்படாதது ஈரத்துணி ஒன்றுதான்.

"உள்ளதானக்கா உக்காந்திருக்கப் போறேன்."

"அதான் சொல்றேன். உள்ளயே உக்காந்து உக்காந்து உருளைக்கிழங்கு மாதிரி முளைவிட்டிரப் போற."

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். தோளில் இரண்டு பை, முகத்தில் தூக்கமில்லாத சிரிப்பு. பின்னால் ஒரு பெண், சக்கரம் உடைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு. முதலில் அவள் பார்த்தது என்னையல்ல, சுவரில் இருந்த சாவிப் பலகையை. லாட்ஜின் பெயர் மாறிவிட்டது. ரெசிடென்சி என்று ஏதோ வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் மாறிவிட்டது, முகப்பில் கண்ணாடி வந்துவிட்டது. சாவிப் பலகை மட்டும் பழையது. அதைப் பார்த்தபிறகுதான் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

நான் எழுந்து நின்றேன். விருந்தினர் வந்தால் நிற்பது வழக்கம்தான்.

"குட் மார்னிங் பாஸ்! ரூம் புக் பண்ணியிருக்கோம்" என்றார் அவர். "நீங்கதானே அந்த ஆளு? நெட்ல போட்டிருக்காங்களே. உங்களுக்காகத்தான் இந்த எடத்தையே எடுத்தேன். பாத்ரூம் நல்லா இல்லையாமேன்னு இவ கேட்டா. நான் சொன்னேன், அங்க குளிக்கவா போறோம், ஊர் பாக்கத்தானே போறோம்னு."

நல்ல மனிதர். பார்த்தவுடனே தெரிந்தது. தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனியில் வேலை என்றார். நான் கேட்கவேயில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இவளும் இந்த ஊர்லதான் நர்சிங் படிச்சா பாஸ். ஆனா ஒண்ணுமே தெரியாது. கேட்டா ஹாஸ்டல்ல பூட்டி வெச்சிருந்தாங்களாம்."

"ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

அந்த விடுதியின் பின்சுவரில் எருமை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"ரூம் ரெடியாக அரை மணி நேரம் ஆகும் சார்" என்றேன். "உக்காருங்க மேடம்."

"பரவால்ல சார்" என்றாள்.

சார். அவள் என்னை என்னவெல்லாமோ கூப்பிட்டிருக்கிறாள். மண்டு, கும்பகர்ணன், ஊமைக்கோட்டான். இது புதிது.

அவர் மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "சொல்லுங்க பாஸ். ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்குக் காலைல கிளம்பறோம். எங்க ஆரம்பிக்கலாம்?"

எனக்கு வேறு பேச்சு தெரியாது. அதையே ஆரம்பித்தேன்.

"முதல்ல பழைய செருப்பைப் போட்டுக்குங்க சார். ஈர மணல் புதுச் செருப்போட வாரை ஒரே நாள்ல பிச்சிரும். மீன் ஏலம் பாக்கணும்னா வாசல் வழியா போகாதீங்க. நாத்தம் முன்னாடி வந்து கை குடுக்கும். நீலக் கதவு போட்ட ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு இருக்கு, அந்தப் பக்கமா நில்லுங்க. காத்து முதுகுல இருந்து அடிக்கும்."

"கேட்டியா?" என்றார் அவர் அவளிடம். "இதான். இந்த மாதிரி யார் சொல்லுவா?"

அவள் தலையாட்டினாள்.

"பீச் ரோட்டுல இடது பக்கமாவே நடங்க. பாதாம் மரம் வரிசையா இருக்கு. லைட்ஹவுஸ் வரைக்கும் தலையில வெயில் படாம போயிரலாம். நடுவுல ஒரு பேக்கரி வரும். ஓனர் சிரிச்சாருன்னா பன் பழசு, திட்டினாருன்னா பன் சூடு. திட்டற நேரமா பாத்துப் போங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தரை துடைக்கும் அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்து, அவர் சிரிப்பைப் பார்த்து விட்டுவிட்டார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வரி வாயில் தானாக வந்தது.

"சங்கு கடைல மட்டும் ஏமாறாதீங்க. காதுல வெச்சா கடல் சத்தம் கேக்கும்னு விப்பான். கடல் பத்தடி தள்ளி ஓசிலயே கத்திட்டிருக்கு."

அதை அவள் முதலில் சொன்ன நாளில் நான் தும்மும் அளவுக்குச் சிரித்தேன். இப்போது அவள் பெட்டியின் உடைந்த சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"சூப்பர் பாஸ்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடைசியா ஒண்ணு. நெட்ல இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க. லோக்கல் ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. ஒண்ணாவது இருக்குமே?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை. சொல்லாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "எல்லாம் நெட்ல வந்திருச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அவளுக்கும் அது அப்படியே இருக்கிறது, நம்முடையதாகவே இருக்கிறது என்று. அவர்கள் குளித்து, பழைய செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகும்வரை அந்தக் குளிர்ச்சி இருந்தது.

"யாருடா அது?" என்றார் அக்கா.

"கஸ்டமருக்கா."

"கஸ்டமரா? ஒரு சாவியை எடுத்துக் குடுக்கறதுக்குள்ள ரெண்டு தடவை கீழ போட்ட."

"தூக்கம் இல்லக்கா."

"ம்" என்றார். அக்காவின் 'ம்'முக்குப் பல அர்த்தம் உண்டு. அன்றைக்கு அவர் போட்டது நீளமானது.

மதியம் அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"பாஸ்," என்றார் நாற்காலியில் விழுந்து, "நீங்க எந்த ஊரைப் பத்திச் சொன்னீங்க?"

"ஏன் சார்?"

"ஐஸ் ஃபேக்டரியே இல்ல. அந்த எடத்துல கார் நிறுத்தறாங்க. மீன் ஏலம் புது துறைமுகத்துக்குப் போயி ரொம்ப நாளாச்சாம். பாதாம் மரம்னீங்க, ஒரு சுள்ளிகூட இல்ல. ரோட்டை அகலம் பண்றேன்னு எல்லாத்தையும் வெட்டிட்டாங்களாம். நீங்க சொன்னீங்களேன்னு இடது பக்கமாவே நடந்தோம். வலது பக்கம் நடந்திருந்தா கட்டட நிழலாவது கெடச்சிருக்கும்." கோபமே இல்லை அவரிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பேக்கரிக்குப் போயி, சூடா பன் இருக்கான்னு கேட்டேன். செல்ஃபோன் சார்ஜர் எடுத்துக் காட்டினான்."

நான் மேசையைப் பார்த்தேன்.

"சங்கு கடை மட்டும் இருக்கு" என்றார். "அது சொன்ன எடத்துலயே இருக்கு."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இவன் பகல்ல வெளிய போயி வருஷக்கணக்காச்சு. ராத்திரி முழிச்சு பகல்ல தூங்கறவன். இவன் காலைல சொல்லிட்டுப் போனதும் நாங்கதான் வாசல்ல நிக்க வெச்சுத் திருத்திச் சொல்லி அனுப்புவோம். இன்னைக்கு அந்தப் பகல்காரத் தம்பி லீவு. நான் சொல்லலாம்னு வந்தேன், நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க, விட்டுட்டேன்."

மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று அதுவரை தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த பார்வை அல்ல. நோயாளியின் கட்டைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டவள் மாதிரி இருந்தாள். பிறகு அவர் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க. எனக்கு ஒரு இடம் ஞாபகம் வருது."

"உனக்கா? ஹாஸ்டல்ல பூட்டி வெச்சாங்கன்ன?"

"ஒரு தடவை தப்பிச்சிட்டேன்."

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியான நேரம்தான். இப்போது கிளம்பினால் வெயில் வாசலில் நுழையும்போது அங்கே இருப்பார்கள்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "சாயங்காலமா போங்களேன்."

"சாயங்காலம் போனா ஒண்ணும் தெரியாது சார்" என்றாள்.

கதவு ஆடி நின்றது.

"எப்ப இருந்துக்கா திருத்திச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மரத்தை வெட்டின நாள்ல இருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அக்கா துணியைப் பிழிந்தார். "சொன்னா பேசறத நிறுத்திருவ. நாள் முச்சூடும் நீ வாயத் திறக்கறதே அந்த அரை மணி நேரந்தான். அதையும் எதுக்குக் கெடுக்கணும்?"

அந்தச் சாயங்காலம் அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "பாஸ், இங்க பாருங்க!" செல்ஃபோனை என் முகத்துக்கு முன் நீட்டினார். சின்னத் திரையில் ஒரு கூரை. அதில் வெளிச்சம் ஓடியது. கைபேசியைப் பிடித்த கை ஆடியது. அவர் குரல் "ஏய், அங்க பாரு, அங்க பாரு" என்றது. அவள் குரல் மெதுவாக, "ஷ்ஷ். பேசக்கூடாது" என்றது.

"இந்த ஊருக்கு வந்ததே இதுக்குத்தான் போல. அசந்துட்டேன். லோக்கல் ஆளு நீங்க, உங்களுக்கு இது தெரியலயே!"

"தெரியாது சார்" என்றேன்.

"ஒரு நாள் போய்ப் பாருங்க. ஆனா பகல்ல போகணும்."

அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். முதுகில் தூசி ஒட்டியிருந்தது, அவர் முதுகிலும். அவர் அவளை எட்டிப் பிடித்துத் தட்டிவிட்டார். அவள் திரும்பி அவர் முதுகைத் தட்டிவிட்டாள்.

சாப்பாட்டுக்கு முன் அவள் ஃபிளாஸ்கோடு தனியாக இறங்கி வந்தாள். மேசைக்குப் பக்கத்தில் வெந்நீர்க் கெட்டில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பொத்தானைப் போட்டேன். அது சூடாகிறவரை நின்றுதான் ஆக வேண்டும்.

"பேர் மாத்திட்டாங்க" என்றாள். "தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்பா?"

"போயிட்டாரு. நீ போன அடுத்த வருஷம்."

ஃபிளாஸ்கின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அதுக்கப்புறமும் எதுக்கு நைட்டு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பழகிருச்சு" என்றேன்.

"மரத்தை வெட்டினதுகூடத் தெரியல உனக்கு."

"ராத்திரில மரம் இருக்கற எடமும் இல்லாத எடமும் ஒண்ணுதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கெட்டில் உறும ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் கேட்டால் கேட்டது மாதிரி இருக்காது என்று கேட்டேன்.

"அவரை எதுக்கு அங்க கூட்டிட்டுப் போன?"

"ஏன், போகக் கூடாதா?"

"அது நம்ம இடம்."

"அது என் இடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உன்னப் பாக்கறதுக்கு முன்னாடியே என்னோடது. முதல் வருஷம் வீட்டு நெனப்பு வந்து அழுகை வந்தா அங்கதான் போயிப் படுத்துக்குவேன். பிடிச்சவங்களுக்குக் காட்டணும்னு வெச்சிருந்தேன். உன்னைப் பிடிச்சுது, காட்டினேன். இவரைப் பிடிச்சிருக்கு, காட்டினேன். அவ்வளவுதான்."

"காலைல பாத்தியே. சொல்லாதன்னு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணை மூடித் திறந்தாள்.

"சொல்லுன்னு பாத்தேன்டா. நீயே வாயால சொல்லிட்டா, நீ அதைத் தாண்டி வந்துட்டன்னு நெனச்சு நிம்மதியா ஊர் போய்ச் சேருவேன்னு பாத்தேன்."

கெட்டில் டக்கென்று அணைந்தது. அவளே ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூடியைத் திருகிவிட்டு, மேசை விளிம்பில் கையை வைத்தாள். என் கைக்கு ஒரு சாண் தள்ளி.

"நான் சொன்னதையெல்லாம் இனிமே யாருக்கும் சொல்லாத. எல்லாம் பழசு. பாவம், ஜனங்க வெயில்ல நடக்கறாங்க."

போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களப் பத்தி நல்லா எழுதறேன் பாஸ். வழிதான் தப்பு, பேச்சு பிரமாதம்." அவள் அதற்குள் வெளியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சக்கரம் உடைந்த பெட்டி அவள் மடிமேல் இருந்தது. அது மறைத்ததால் முகம் தெரியவில்லை.

பகல் ஆள் கல்யாண வீட்டுத் தூக்கத்தோடு வந்து மேசையை வாங்கிக்கொண்டான். நான் பின்கட்டுக்குப் போகவில்லை. இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும் தூங்காத கண்ணோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

வெயில் முகத்தில் அறைந்தது. இடது பக்கமாக நடந்தேன். மரம் நின்ற இடமெல்லாம் சதுரக் கல் பதித்திருந்தார்கள். எங்கே நின்றது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. பேக்கரி இருந்த இடத்தில் ஒரு பையன் கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மேம்பாலம் ஒன்று வந்தது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை. அதன் கீழே நான்கு பக்கமும் சாலை பிரிந்தது. பழைய துறைமுகத்துக்கு எது என்று தெரியாமல் நின்றேன். தொப்பியும் கேமராவுமாக ஒருவர் வந்தார். அவரிடம் கேட்டேன். கைபேசியைத் திறந்து படத்தைக் காட்டி, "நேரா போயி வலது" என்றார்.

"ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

கொட்டகை இருந்தது. பக்கச் சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிக் கிழித்திருந்தார்கள். உள்ளே உப்பு வாசனையும் இருட்டும். காலை நேரம் என்பதால் கூரை கரி பிடித்த அடுப்படி மாதிரி இருந்தது. வெயில் வர மதியம் சாய வேண்டும்.

கல்தளத்தில் கனமாகத் தூசி படிந்திருந்தது. அதில் இரண்டு முதுகுகளின் அச்சு. ஒன்று அகலம், ஒன்று குறுகல். நடுவில் இரண்டு கைகள் இருந்த இடம் சேர்ந்து ஒரே தடமாகக் கிடந்தது. நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், சுவரை ஒட்டிப் படுத்தேன். மல்லாந்துதான் படுத்தேன். மதியம்வரை விழித்திருந்தால் போதும். இத்தனை வருஷம் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவனுக்கு ஒரு காலைப்பொழுது என்ன பிரமாதம்?

தண்ணீர் கல்லில் தட்டிக்கொண்டிருந்தது. பகலில் தூங்கியே பழகிய உடம்பு. என்னைக் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கடல் வாசலில் செந்நிறமாக ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது. கூரை இருட்டாகவே இருந்தது. நடுவில் அது வந்திருக்க வேண்டும். என் மூடிய கண்ணுக்கு மேலே கூரை முழுக்க ஓடிவிட்டுப் போயிருக்க வேண்டும். எழுந்து முதுகைத் தட்டிக்கொள்ளப் பார்த்தேன். கை எட்டவில்லை. தளத்தில் இப்போது மூன்று அச்சுகள் இருந்தன. என்னுடையது தள்ளி, சுவரோரமாக.

லாட்ஜுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு மேசைக்குப் போனபோது ஒரு குடும்பம் காத்திருந்தது. கணவன், மனைவி, தூங்கி வழியும் ஒரு குழந்தை. அக்கா வீட்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்த ஊருதானே?" என்றார் கணவர். "நாளைக்கு என்னென்ன பாக்கலாம்?"

அக்கா செருப்போடு நின்றுவிட்டார்.

"கடல் இருக்கு சார்" என்றேன்.

"அது தெரியுது. வேற?"

"காலைல ஒரு தம்பி வருவாரு. அவரைக் கேளுங்க. எனக்குத் தெரியாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். இவனையா நெட்டில் அப்படி எழுதியிருந்தார்கள் என்று நினைத்திருப்பார். மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நடந்து போற வழில நிழலாவது இருக்குமா?"

"இல்லம்மா" என்றேன். "மரமெல்லாம் வெட்டிட்டாங்க. குடை எடுத்துக்குங்க."